வாக்குக் கேட்டு வரும் பெண்ணிடம் நாம் கேட்பது என்ன?

களனி கங்கை கடலோடு கலக்கும் மட்டக்குளியில், தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் தோட்டம் தோட்டமாக வருவார்கள். ஆண் வந்தால், "இந்த வடிகானை எப்போது திருத்துவீர்கள்?" என்று கேட்கிறோம். பெண் வந்தாலோ கேள்வி மாறிவிடுகிறது. "பிள்ளைகளை யார் பார்ப்பது? கணவர் சம்மதித்தாரா?" அவர் போன பின், யாரோடு கூட்டத்துக்குப் போகிறார், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்று பேசுகிறோம். இன்று கைத்தொலைபேசி அந்தப் பேச்சை ஒரே இரவில் ஊர் முழுவதும் பரப்பிவிடுகிறது.

இத்தனைக்கும் நமது கொழும்பு வடக்குக்கு ஒரு பெருமை உண்டு. 1931இல் நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே இத்தொகுதி நேசம் சரவணமுத்துவை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அச்சபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண் அவரே. ஆனால் அவர் நின்றது, தேர்தல் வழக்கினால் கணவர் இழந்த ஆசனத்துக்கு. 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவும், 1959இல் கணவர் கொலையுண்ட பின்பே அரசியலுக்கு வந்தவர். இவர்களின் ஆற்றலில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் ஆணின் வெற்றிடத்தை நிரப்ப வரும் பெண்ணை ஏற்கும் நாம், தன் சொந்த உழைப்பைக் காட்டி வாக்குக் கேட்கும் பெண்ணை ஏற்கத் தயங்குகிறோம்.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அச்சபைகளில் பெண்கள் இரண்டு வீதம்கூட இல்லை. அதே ஆண்டு ரோசி சேனாநாயக்க கொழும்பின் முதல் பெண் மேயரானார். எனினும் சட்டம் வட்டார வேட்பாளர்களில் 10 வீதத்தையும், மேலதிகப் பட்டியலில் 50 வீதத்தையுமே பெண்களுக்குக் கேட்டது. ஆகவே பெரும்பாலான பெண்கள் பட்டியல் வழியாகவே சபைக்குள் வந்தனர். வட்டாரத்தில் இடம் கொடுக்காமல் விட்டுவிட்டு, "வட்டாரத்தில் வெல்லாதவர்தானே" என்று இகழ்வது எந்த நியாயம்?

சனத்தொகையில் பாதிக்கு மேல் பெண்கள். 2024இல் தெரிவான பாராளுமன்றத்திலோ அவர்கள் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

வெள்ளம் வந்தால் சமைத்த உணவு பங்கிடுவது யார்? சங்கக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் வைத்திருப்பது யார்? அவர்களுள் ஒருவரை வட்டார வேட்பாளராக நிறுத்தும்படி, வேட்புமனுக் காலத்துக்கு முன்பே கட்சிகளிடம் கூட்டாகக் கேட்போம். அவர் நம் வாசலுக்கு வரும்போது, கணவரைப் பற்றி அல்ல, வடிகானைப் பற்றிக் கேட்போம். அவரை மதிப்பதற்கு அது முதற்படி.