டிப்ளமாவோடு நிறுத்தணுமா?



"டேய், நாமெல்லாம் பாலிடெக்னிக்டா. எம்.இ., எம்.டெக். எல்லாம் பிளஸ் டூ படிச்சவனுக்குத்தான்!" நம் கேன்டீனில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. சொல்பவன் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறான். கேட்பவனோ அதை நிஜமென்று நம்பி, கம்ப்யூட்டர் சயின்ஸில் முதுநிலைப் பட்டம் என்ற ஆசையையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறான். அந்த நம்பிக்கை தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நமக்கு டிப்ளமா 3 ஆண்டு. லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் இன்னும் 3 ஆண்டு. எம்.இ. 2 ஆண்டு. ஆக மொத்தம் 8. பிளஸ் டூ போனவனுக்கு? 2, 4, 2. அதுவும் 8 தானே! ஒரு வருஷம்கூட நமக்கு நஷ்டமில்லை. நடுவில் நிற்க நேர்ந்தாலும் கையில் டிப்ளமா இருக்கிறது.

அப்புறம் எங்கே சறுக்குகிறோம்? கணிதத்தில்! நேராக இரண்டாம் ஆண்டில் நுழைவதால், மற்றவர்கள் முதலாண்டில் படித்த மேட்ரிக்ஸும் கால்குலஸும் நமக்கு அரைகுறையாகவே இருக்கின்றன. அந்த ஓட்டையை அடைக்காமல் 'கேட்' தேர்வுக்குப் போனால் என்ன ஆகும்? 3 மணி நேரத்தில் 65 கேள்விகள், 100 மதிப்பெண். இதில் பொறியியல் கணிதத்துக்கு மட்டும் 13. மீதியில் வரும் அல்காரிதமும் ஆட்டோமேட்டாவும்கூடக் கணக்கு மூளையைத்தான் கேட்கும்.

"புரோகிராம் அடிக்கத் தெரிஞ்சா போதாதா, மேலே என்ன இருக்கு?" என்று கேட்கலாம். லேபில் நாம் போடும் பைனரி சர்ச்சையே எடுத்துக்கொள்வோம். வரிசைப்படுத்திய 10 லட்சம் எண்களில் ஒன்றைத் தேட அதிகபட்சம் 20 முறை ஒப்பிட்டால் போதும். புரோகிராமை ஓட்டி விடை வாங்க நமக்குத் தெரியும். ஒப்பிட்டுத்தான் தேட வேண்டுமென்றால், எல்லா நேரத்திலும் 20-க்குள் குறைவாக முடிக்கிற வழி வேறு எதுவுமே இல்லை என்று நிரூபிக்க முடியுமா? அந்த 'ஏன்' என்ற கேள்விதான் முதுநிலைப் படிப்பின் உயிர். கையில் வேலை தெரிந்த நமக்கு அந்த 'ஏன்' என்பதும் வசப்பட்டால், நம்மை யார் மட்டம் தட்ட முடியும்?

எல்லோரும் எம்.இ. படித்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு உடனே சம்பளம் வேண்டும் என்பவர் வேலைக்குப் போகட்டும்; அதில் தாழ்வு ஒன்றுமில்லை. பிறகு அஞ்சல் வழியில் பி.சி.ஏ. முடித்து எம்.சி.ஏ. படிக்கலாம். முன்பு மூன்றாண்டாக இருந்த எம்.சி.ஏ. 2020 முதல் இரண்டாண்டாகிவிட்டது. ஆனால் "வேலை கிடைக்கல, சும்மா இருக்கிறதுக்கு ஒரு எம்.இ. போட்டு வைப்போம்" என்று மட்டும் சேராதீர்கள். அது அப்பாவின் இரண்டு வருஷ உழைப்பைக் கரைக்கிற வேலை. 'கேட்' தகுதி பெற்று, அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை என்ற வழி இருக்கிறது. அந்த வழியில் போனால் வீட்டுக்குப் பாரம் குறையும்.

இப்போதே என்ன செய்யலாம்? தினமும் ஒரு மணி நேரம் கணக்குக்கு ஒதுக்குங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. செல்போனில் சினிமா பார்க்கும் நேரத்தில் பாதி போதும்! பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே 'கேட்' எழுதலாம். அந்த மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும்.

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, முதலாண்டு பி.இ. கணிதப் புத்தகங்களை நூலகத்துக்கு வாங்கித் தாருங்கள். சனிக்கிழமைதோறும் ஒரு கணித வகுப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். லேட்டரலில் போன நம் சீனியர்களைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்றா சொல்வார்கள்?

படி ஏற முடியாதவர்கள் அல்ல நாம். நடுவில் ஒரு படி உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்துகொண்டு ஏறுவோம், வாருங்கள்!

— மூன்றாமாண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை