தீவுக்கு ஓடும் இரயில்

2025 ஏப்ரல் 6-ஆம் நாள் பாம்பன் புதுப்பாலம் திறக்கப்பட்டபோது, இராமேசுவரத்திற்கும் நம் தாம்பரத்திற்கும் இடையே விரைவு வண்டி ஒன்றும் தொடங்கப் பெற்றது. மகிழ்ந்தோம். ஆனால், 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது முதல், இரண்டே கால் ஆண்டுகள் தீவு மக்கள் இரயிலின்றி இருந்ததை நம்மில் எத்தனை பேர் எண்ணினோம்? 1988-இல் வந்த சாலைப்பாலம் காப்பாற்றியது. அதுவும் இல்லையேல் மீன்கூடைக்கும் நோயாளிக்கும் படகே கதி. 1964 புயலில் சிதைந்த பாலத்தை 46 நாட்களில் செப்பனிட்ட இரயில்வே, தனுஷ்கோடிக்கு மட்டும் மீண்டும் வண்டி விடவில்லை. யாத்திரிகர் (நானும் அவர்களில் ஒருவன்தான்) நீராடித் திரும்பிவிடுவோம். விரைவு வண்டி நமக்கு. காலையில் இராமநாதபுரம் போய் மாலையில் திரும்பும் சாதாரண வண்டியே தீவினருக்கு உயிர்நாடி. கால அட்டவணை வகுக்குமுன் தென்னக இரயில்வே பாம்பன், தங்கச்சிமடம் மக்களை அழைத்துக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.