ஓடைத் தண்ணீர் நல்லா இருக்கா? கல்லைப் புரட்டிப் பாருங்க!

"இந்த ஓடைத் தண்ணி நல்ல தண்ணியா?" என்று எந்தக் கிராமத்தில் கேட்டாலும் அநேகமாக மூன்று பதில்கள்தான் வரும். "கண்ணாடி மாதிரி இருக்கே, அப்புறம் என்ன?" என்பது ஒன்று. "மீன் துள்ளுது தம்பி, கெட்ட தண்ணியில மீன் இருக்குமா?" என்பது இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் விவரமானவர்களின் பதில்: "டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்."

மூன்றுமே முழுப் பதில் இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தெளிவு. உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது. சாக்கடைக் கிருமிகளும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் ஆகிவிடாது.

அடுத்தது மீன். எந்த மீன் என்று கேட்க வேண்டும். விரால் மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படித்தான். நம் குளம் குட்டை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்ட ஜிலேபி மீன் அழுக்குத் தண்ணீரையும் தாக்குப்பிடிக்கும். இந்த மூன்று மட்டும் துள்ளுகிற ஓடையைப் பார்த்து சந்தோஷப்பட எதுவும் இல்லை. சந்தேகம்தான் வர வேண்டும்.

டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைத்தான் தோராயமாகச் சொல்லும். மனிதக் கழிவு கலந்திருக்கிறதா, பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பேனாவுக்குத் தெரியாது.

சரி, ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பினால்? கட்டாயம் அனுப்ப வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரை அதன் பயன்பாட்டை வைத்து ஏ முதல் ஈ வரை பிரிக்கிறது. குளிக்கத் தகுந்த 'பி' வகுப்பு என்றால் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. பி.ஓ.டி. 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நல்ல அளவுகோல்தான், ஆனால் பாட்டிலில் இருப்பது அந்த ஒரு நிமிடத்துத் தண்ணீர். பாசி மண்டிய ஓடையில் மதியம் 2 மணிக்கு எடுத்தால் ஆக்ஸிஜன் ஏகத்துக்கும் இருக்கும், பாசி வெயிலில் உற்பத்தி செய்து தள்ளுகிறது. அதே இடத்தில் விடியற்காலை எடுத்தால் பாதிகூட இல்லாமல் போகலாம், ராத்திரி முழுக்க அதே பாசி ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்கிறது. போதாததற்கு, ராத்திரியில் கழிவைத் திறந்து விடுகிறவர்கள் நாம் பாட்டிலோடு வரும் நேரம் பார்த்தா திறப்பார்கள்? :-)

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். நொய்யலை எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையடியில் ஓடைகளாகப் பிறந்து, ஆலாந்துறை, பேரூர், கோவை, திருப்பூர் எல்லாம் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. சாயம் துணியில் பிடிக்க உப்பு நிறைய வேண்டும். திருப்பூர்ச் சாயக் கழிவோடு அந்த உப்பும் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியாகிப் போனது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த மாதிரித் தண்ணீரில் ஆக்ஸிஜனை மட்டும் அளந்தால் உப்பு தெரியாது. சாக்கடை கலக்கும் இடத்தில் டி.டி.எஸ். மட்டும் அளந்தால் கிருமி தெரியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்து, இரவு பகலாகக் கவனித்துக்கொண்டு இருப்பது யார்? ஓடையிலேயே குடியிருப்பவர்கள்தான். கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சிகள்!

தட்டான் பறப்பதற்கு முன்னால் குஞ்சுப் பருவம் முழுவதையும் தண்ணீருக்குள்தான் கழிக்கிறது. மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும். வால் பக்கம் இரண்டு மூன்று இழை, வயிற்றின் ஓரங்களில் செவுள். மணலையும் குச்சியையும் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு அதற்குள் வாழும் புழுவும் உண்டு. இவை வாரக்கணக்கில், சில மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கின்றன. நேற்று ராத்திரி விஷம் வந்தால் ஓடித் தப்பிக்க முடியாது. ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போவது மேஃப்ளை போன்றவை. கடைசியில் மிஞ்சுவது சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்கள். வண்ணமீன் கடையில் தீனியாக விற்கிறார்களே, டியூபிஃபெக்ஸ், அதுவும் இந்தக் கடைசி கோஷ்டிதான்.

இதற்கு மார்க் போடும் முறையும் இருக்கிறது. பிரிட்டனில் உருவாக்கிய முறை. நம் மத்திய வாரியமும் இந்தியாவுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்கிறது. பூச்சிக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். பிரிட்டன் பட்டியல்படி ஓர் இடத்தில் டியூபிஃபெக்ஸ் வகைப் புழு (1), சிவப்புப் புழு (2), குளத்து நத்தை (3) என்று மூன்று மட்டும் கிடைத்தால் சராசரி 2. இன்னோர் இடத்தில் தட்டான் குஞ்சு (8), தட்டையான மேஃப்ளை (10), அதே நத்தை (3) கிடைத்தால் சராசரி 7. இரண்டிலும் மூன்று குடும்பம்தான், ஆனால் கதை வேறு.

செலவு? ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு பூதக்கண்ணாடி. முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரில் வலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, வலைக்கு முன்னால் இருக்கும் கற்களை 3 நிமிடம் காலால் கிளற வேண்டும். தட்டில் கொட்டி எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் திருப்பி விட்டுவிட வேண்டும். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இடத்தில் செய்தால்தான் ஒப்பிட முடியும். இரண்டு இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேலே கல்லும் கீழே மணலும் என்றால் பூச்சிகளும் மாறிவிடும். வெள்ளம் வடிந்த கையோடு போனாலும் பிரயோஜனமில்லை, எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

பூச்சி எல்லாம் சொல்லிவிடும் என்று நான் வாதாடவில்லை. குடிக்கலாமா என்பதற்கு ஆய்வக அறிக்கைதான் வேண்டும். என்ன ரசாயனம், எவ்வளவு என்றும் பூச்சி சொல்லாது. ஆனால் 'இங்கே ஏதோ நடந்திருக்கிறது' என்று சொல்லும். எந்த நேரத்தில் பாட்டிலோடு வர வேண்டும், எதைத் தேட வேண்டும் என்பது அதற்குப் பிறகுதானே தெரியும்?

இதை ஏன் மாணவர்கள் செய்ய வேண்டும்? காவிரி, பவானி, தாமிரபரணி போன்ற ஆறுகளில் அரசின் கண்காணிப்பு இடங்கள் இருக்கின்றன. அவற்றில் கலக்கும் பெயர்கூட இல்லாத சின்ன ஓடைகளில் பெரும்பாலானவற்றை யாரும் அளப்பதில்லை. எல்லாப் பட்டப் படிப்புக்கும் பொதுவாக யு.ஜி.சி. கொண்டுவந்த சுற்றுச்சூழல் பாடத்தின் பழைய பாடத்திட்டத்தில் 8-ஆவது அலகு முழுக்கக் களப்பணிதான். 5 வகுப்புகளுக்குச் சமம் என்று போட்டிருந்தார்கள். அந்த 5 மணி நேரம் பல இடங்களில் எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். சீனியர் ரெக்கார்டு நோட்டு, ஜூனியர் கையெழுத்து!

அந்த நேரத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரே ஓடையில், ஒரே இரண்டு இடங்களில், ஒரே மாதத்தில் பூச்சி எண்ணினால், பத்து வருடத்தில் அந்த ஓடைக்கு ஒரு வரலாறு கிடைத்துவிடும். நாளைக்கு மேலே ஒரு பட்டறையோ கோழிப்பண்ணையோ வந்து, "தண்ணீர் முன்னாடியே இப்படித்தான் இருந்தது" என்று யாராவது சொன்னால், நீட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கும். இப்போது கிராமத்து ஜனங்களிடம் இருப்பது "அந்தக் காலத்துல அயிரை மீன் அள்ளுவோம்" என்ற ஞாபகம் மட்டும்தான். அதை எந்த அதிகாரியும் எழுதிக்கொள்ள மாட்டார்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் ஊர் ஓடையில் கடைசியாக எப்போது கல்லைப் புரட்டிப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் சந்தோஷம்.