பென்சில் வட்டம் போட்ட வினாத்தாள்கள்

அமிர்தகழியில, மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குக் கிட்டவாக இருக்கிற நாலைஞ்சு ஒழுங்கைக்குள்ள ஒரு போட்டோக் கொப்பிக் கட்டு பல வருசமாகச் சுத்திக்கொண்டிருக்கு. பட்டதாரிகளை ஆசிரியர் சேவைக்கு எடுக்கிற போட்டிப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்கள். கொப்பியில இருந்து கொப்பி எடுத்து, அதில இருந்து இன்னொரு கொப்பி எடுத்தது. சில பக்கத்தில வினா இலக்கம் மட்டும்தான் தெரியும். வினா இருக்க வேண்டிய இடத்தில சாம்பல் நிறத்தில மழைமேகம் மாதிரி ஒண்டு கிடக்கும். நியமனம் கிடைச்சவங்க கட்டை அடுத்த வீட்டுக்குக் கொடுத்திட்டுப் படுவான்கரைப் பக்கம் ஏதாவது பள்ளிக்கூடத்துக்குப் போயிருவாங்க. கிடைக்காதவங்க லேசில கொடுக்கமாட்டாங்க. அடுத்த முறைக்கும் தேவைப்படும் எண்டு அலுமாரிக்குள்ள வச்சிருப்பாங்க.

என்ட கைக்கு அது வரக்குள்ள ஒவ்வொரு வினாவிலயும் ஒரு விடையைச் சுத்திப் பென்சிலால வட்டம் போட்டிருந்தது. யார் போட்ட வட்டம் எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. "அது பாஸ் பண்ணின ஒரு அண்ணா போட்டது" எண்டு மட்டும் சொன்னாங்க. எனக்கு அது போதும்.

வந்தாறுமூலையில பட்டம் முடிச்சு வீட்டில இருந்த காலம். மூணு கிழமை அந்தக் கட்டோடதான் குடித்தனம். கடைசி நாட்கள்ல வினாவைப் பாதி வாசிக்கும்போதே வட்டம் எங்க இருக்கு எண்டு கண்ணுக்குள்ள வரும். வீட்டில நானே எனக்குப் புள்ளி போட்டுப் பார்த்தால் 80க்கு மேல. அம்மாவுக்கும் சொன்னேன். பரீட்சை முடிவு வந்தபோது வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்திலயும் நான் இல்ல.

அதனால கடந்தகால வினாத்தாள் வேண்டாம் எண்டு சொல்ல இதை எழுதல்ல. இந்த மாதிரிப் பரீட்சைக்கு அதைவிட நல்ல ஆயுதம் எங்களிட்ட இல்ல. நாங்க அதைப் பாவிக்கிற விதம்தான் பிழை எண்டது என்ட கருத்து. இன்னொரு மனக்குறையும் இருக்கு, அதைப் பிறகு சொல்றன்.

நான் எழுதினது ரெண்டு பேப்பர்: பொது அறிவு, நுண்ணறிவு. முதல்ல பொது அறிவு. கட்டில ஒரு வினா, கிழக்கு மாகாண முதலமைச்சர் யார்? வட்டம் சிவநேசதுரை சந்திரகாந்தனில. அப்ப அந்தப் பேப்பர் 2008க்கும் 2012க்கும் இடையில வந்ததாகத்தான் இருக்க வேணும். அவருக்குப் பிறகு நஜீப் அப்துல் மஜீத், அவருக்குப் பிறகு ஹாபிஸ் நஸீர் அஹமட். 2017 செப்டெம்பரில சபையின் காலம் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு வருசக்கணக்கா தேர்தலே இல்ல, ஆளுநர்தான். ஒரு காலத்தில சுகமான ஒரு புள்ளி தந்த வினாவுக்கு விடையே இல்லாமல் போயிற்று. இது தெரிஞ்ச விசயம் எண்டதால எல்லாரும் தப்பிச்சிருவோம்.

தப்ப முடியாதது இன்னொண்டு. அரசியலமைப்பின்படி உயர் பதவி நியமனங்கள்ல சம்பந்தப்படுற பேரவையில உறுப்பினர் எத்தனை பேர்? வட்டம் 5இல. இதின்ட கதையைக் கேளுங்க. 2001இல 17ஆம் திருத்தம், அரசியலமைப்புப் பேரவை, 10 பேர். 2010இல 18ஆம் திருத்தம், அது போய்ப் பாராளுமன்றப் பேரவை, 5 பேர். 2015இல 19ஆம் திருத்தம், திரும்ப 10. 2020இல 20ஆம் திருத்தம், திரும்ப 5. 2022இல 21ஆம் திருத்தம், திரும்பவும் 10. ஊஞ்சல் மாதிரி. திகதி கிழிஞ்சு போன ஒரு பேப்பரில 5 எண்டு வட்டம் இருந்தால் அந்தப் பேப்பர் வந்த வருசத்துக்கு அது சரி. நான் எழுதப் போன நேரம் சரியான விடை 10. நான் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தது 5.

அந்த அண்ணா பிழையாப் போடல்ல. அவர் சரியாத்தான் போட்டார், அவருடைய வருசத்துக்கு. அந்த வட்டத்துக்குப் பக்கத்தில வருசத்தையும் எழுதியிருந்தார் எண்டால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். ஆனா அதை நான்தான் தேடிப் பார்த்திருக்க வேணும். ஒரு பொது அறிவு வினாவை விடையா எடுக்காமல் தலைப்பா எடுக்கிறதுதான் வழி. பேரவை பற்றி ஒரு வினா வந்திருந்தால், 17ஆம் திருத்தத்தில இருந்து இன்றைக்கு வரைக்கும் ஒரு பக்கம் எழுதி வச்சால் எப்படிக் கேட்டாலும் தாங்கும். பத்து வருசப் பேப்பரை அடுக்கி வச்சுப் பார்த்தால் எந்தத் தலைப்பு திரும்பத் திரும்ப வருது எண்டு தெரியும். கட்டின்ட உண்மையான பெறுமதி அதுதான். வட்டத்துக்கு அந்தப் பெறுமதி இல்ல.

நுண்ணறிவில என்ட கதை இன்னும் மோசம். கட்டில ஒரு எண்தொடர் இருந்தது: 3, 5, 9, 17, 33, அடுத்தது? வித்தியாசம் 2, 4, 8, 16 எண்டு இரட்டிக்குது, ஆகவே 65. அழகா விளங்கின கணக்கு. பரீட்சையில வந்தது 3, 5, 9, 15, 23. முதல் மூணும் அதே எண். என்ட மூளை "ஆ, தெரிஞ்ச ஆள்" எண்டு இரட்டிக்கத் தொடங்கிற்று. 17 வர வேண்டிய இடத்தில 15 நிக்குது, நான் பேப்பரில அச்சுப் பிழையோ எண்டு யோசிக்கிறன்! வித்தியாசம் 2, 4, 6, 8, விடை 33. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும். எனக்கு அஞ்சு நிமிசம் போனது, அந்த அஞ்சு நிமிசத்தில வேற நாலு வினாவும் போனது.

2006இல ஹென்றி ரோடிஜர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி எண்ட ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. மாணவர்களுக்கு ஒரு பந்தியை வாசிக்கக் கொடுத்தாங்க. ஒரு பகுதியினர் அதைத் திரும்ப வாசிச்சாங்க. மற்றவங்க பந்தியைப் பார்க்காமல் ஞாபகம் இருக்கிறதை எழுதினாங்க. அஞ்சு நிமிசத்துக்குப் பிறகு சோதிச்சால் திரும்ப வாசிச்சவங்கதான் கூடச் சொன்னாங்க. ஒரு கிழமைக்குப் பிறகு சோதிச்சால் தலைகீழ்: எழுதிப் பார்த்தவங்க 56 வீதம், திரும்ப வாசிச்சவங்க 42 வீதம். எங்கட பிரச்சினை முழுக்க இதுக்குள்ள இருக்கு. வட்டம் போட்ட பேப்பரை நான் வாசிச்சேன். செய்யல்ல. வாசிக்கிற நேரம் எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், அந்தச் சுகத்தை நம்பி 80 எண்டு அம்மாவுக்குச் சொன்னேன்.

ரெண்டாம் முறைக்கு நாங்க மூணு பேர் சேர்ந்தோம். முதல் வேலை, ஒரு றப்பர் வாங்கி எல்லா வட்டத்தையும் அழிச்சது. அதுவே ரெண்டு பின்னேரம் எடுத்தது. பேனையால போட்டிருந்த இடத்துக்கு வெள்ளைத்தாள் ஒட்டினோம். பிறகு சனிக்கிழமை காலையில ஒரு வீட்டு விறாந்தையில, போனை உள்ளுக்க வச்சிட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, பரீட்சைக்குக் கொடுக்கிற அதே நேரத்துக்குள்ள ஒரு பேப்பர். மேலதிகமா ஒரு நிமிசமும் இல்ல. பின்னேரம் திருத்துறது. திருத்துறதுதான் படிப்பு, உண்மையா. பிழைச்ச ஒவ்வொரு வினாவுக்குப் பக்கத்திலயும் ஏன் பிழைச்சது எண்டு கொப்பியில எழுத வேணும்: தெரியாது, தெரியும் ஆனா வாசிச்சது பிழை, நேரம் காணாது, குருட்டு வாக்கில போட்டது. நாலு கிழமையில என்ட கொப்பி என்னைக் காட்டிக் கொடுத்திற்று. நான் பொது அறிவில பலவீனம் எண்டு நினைச்சிருந்தேன். கூடப் புள்ளி போனது "அல்லாதது எது" எண்ட வினாவில "அல்லாதது" எண்ட சொல்லை விட்டிட்டு வாசிச்சதில. அதுக்குப் புத்தகம் வாங்கி என்ன பிரயோசனம்?

ஒரு சண்டை மட்டும் இன்னும் தீரல்ல. எழுத்துக்களுக்கு இலக்கம் கொடுக்கிற குறிமுறை வினா ஒண்டு. தமிழ் எழுத்தில உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247 எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா வரிசையில எண்ணிக்கொண்டு போகும்போது ஔவுக்குப் பிறகு ஃ ஐ எண்ணுறதா, விடுறதா? எண்ணினால் க் பதினாலாவது, விட்டால் பதின்மூணாவது. ரெண்டுக்கும் விடை இருந்தது. மூணு பேருக்குள்ள ரெண்டு கட்சி, ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிக்காமலே கலைஞ்சோம். சரியான விடை எது எண்டு எங்க போய்க் கேக்கிறது?

இந்த இடத்திலதான் எனக்குக் கோபம் வருது. ஏ.எல். பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாளும் புள்ளித்திட்டமும் பகிரங்கமாக் கிடைக்குது. தமிழ்நாட்டில ஆசிரியர் தேர்வு வாரியம் பரீட்சை நடத்தினால் தற்காலிக விடைக்குறிப்பை இணையத்தில போட்டு, ஆட்சேபனை இருந்தால் ஆதாரத்தோட சொல்லுங்க எண்டு நாள் கொடுக்குது. அங்கயும் எல்லாம் சுத்தம் எண்டு சொல்லவரல்ல. 2017இல நடந்த பொலிரெக்னிக் விரிவுரையாளர் தேர்வு, விடைத்தாள் புள்ளியில மோசடி எண்டு 2018இல ரத்தானது. ஆனா மோசடி எண்டு பிடிக்கவாவது ஒரு விடைக்குறிப்பு, ஒரு புள்ளிப்பட்டியல் கையில இருக்க வேணுமே. எங்கட கைக்கு வந்தது மங்கின கொப்பியும் பெயர் தெரியாத ஒருத்தரின் பென்சில் வட்டமும்தான். அந்த வெற்றிடத்திலதான் "உறுதியான விடைகளுடன்" எண்டு பிடிஎஃப் விக்கிறவங்க பிழைக்கிறாங்க. ஒண்டை நானும் வாங்கினேன். கங்கை நதி எந்த மாநிலங்களுக்குள்ளால ஓடுது எண்டு நாலு பக்கம் இருந்தது, மகாவலிக்கு ஒரு வரியும் இல்ல.

தமிழ்நாட்டை இழுத்ததால இதையும் சொல்லிருவம். அங்க முதுகலை ஆசிரியர் தேர்வில 150 வினா. அதில 110 தன்ட பாடத்தில, 30 கல்வியியல்ல, 10 மட்டும்தான் பொது அறிவில. நான் எழுதின ரெண்டு பேப்பரிலயும் என்ட பாடத்தில ஒரு வினாவும் இல்ல. புவியியல் படிப்பிக்கப் போறவளும் சங்கீதம் படிப்பிக்கப் போறவளும் ஒரே எண்தொடரைத்தான் நிரப்பினோம். பாடத்தைப் பட்டம் சொல்லும், மிச்சத்தை நேர்முகத்தில பார்ப்பாங்க எண்டு இதுக்கு ஒரு நியாயம் இருக்கு, அதை நான் முழுசாத் தள்ளல்ல. செயன்முறைப் பரீட்சையில சில நிமிசம் ஒரு பாடத்தை நடத்திக் காட்டச் சொல்லுவாங்க. அங்க எங்கட கட்டு உதவாது. எழுத்துப் பரீட்சையில கெட்டிக்காரி எண்டு நாங்க எல்லாரும் நம்பியிருந்த ஒருத்தி வெண்பலகைக்கு முன்னால போய் நிண்டு முதல் வசனம் வராமல் தவிச்சதை அவளே வந்து சொன்னாள். அதுக்குப் பிறகு எங்கட விறாந்தைச் சனிக்கிழமையில கடைசி அரை மணித்தியாலம் ஒவ்வொருத்தரும் மற்ற ரெண்டு பேருக்கும் ஒரு பாடம் எடுக்கிறது எண்டு வச்சோம். பக்கத்து வீட்டுத் தரம் ஆறு பெடியனையும் கூப்பிட்டு இருத்துவோம். அவன் கொட்டாவி விட்டால் பாடம் சரியில்ல.

நான் சொன்ன மற்ற மனக்குறை இதோட சேர்ந்தது. வட்டத்தைப் பார்த்துப் படிச்சு உள்ள போற நாங்க வகுப்பில எதைச் செய்யப் போறோம்? தரம் அஞ்சுப் பிள்ளைகள் புலமைப்பரிசிலுக்குக் கட்டுக்கட்டா மாதிரி வினாத்தாள் செய்றதைப் பார்க்கிறோம். 2024 செப்டெம்பர் 15 நடந்த புலமைப்பரிசில் பரீட்சையில மூணு வினா முன்கூட்டியே வெளியில வந்து, விசயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. பத்து வயசுப் பிள்ளைக்கு "இது கட்டாயம் வரும்" எண்டு சொல்லிக் கொடுக்கிற பழக்கம் எங்க இருந்து வருது எண்டால், எங்கட அலுமாரியில இருந்தும்தான்.

ஆனா எங்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரல்ல. 2017 பெப்ரவரியில தொடங்கி மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால வேலையற்ற பட்டதாரிகள் நூறு நாளுக்கு மேல சத்தியாக்கிரகம் இருந்தாங்க. 2023 மார்ச்சில அரச சேவையில இருந்த பட்டதாரிகளுக்கு நடக்க இருந்த ஆசிரியர் பரீட்சை உயர் நீதிமன்றத் தடையில நிண்டது. வர்த்தமானி எப்ப வரும் எண்டு தெரியாது. வந்தால் வயதெல்லை வழமையா 35. சில தடவை கூட்டுவாங்க, எந்தத் தடவை எண்டு முன்கூட்டித் தெரியாது. இப்படி இருக்கிற ஒரு ஆளுக்கு அந்தப் போட்டோக் கொப்பிக் கட்டு மட்டும்தான் கையில பிடிக்கக்கூடிய ஒரு பொருள். கோயிலடியில பெரியம்மா ஒருத்தர் காணும்போதெல்லாம் "என்ன மனே, சோதினை எப்ப?" எண்டு கேப்பா. ஓம், படிக்கிறன் எண்டு சொல்லக் கட்டு ஒண்டு வேணும்தானே.

ரெண்டாம் முறை எனக்குக் கிடைச்சது. மூணு பேரில ரெண்டு பேருக்கு. மூணாவது ஆள் இன்னும் சனிக்கிழமைகள்ல விறாந்தையில இருக்கிறா, இப்ப வேற நாலு பிள்ளைகளோட. கட்டு அவவிட்டதான். வட்டம் இல்ல, ஒவ்வொரு பேப்பரின் தலைப்பிலயும் நாங்க கண்டுபிடிச்ச வருசம் மையால எழுதியிருக்கு, பின்பக்கத்தில பேரவையின் கதை ஒரு பக்கம். மங்கிப் போன பேப்பர்களை ரைப் பண்ணிக்கொண்டிருக்கிறா. 2012க்கு முந்தின நுண்ணறிவுப் பேப்பர் யாரிட்டயாவது தெளிவா இருந்தால் கொண்டு போய்க் கொடுங்க. ஃ ஐ எண்ணுறதா இல்லையா எண்டு தெரிஞ்சவங்களும் போகலாம், தேத்தண்ணி கிடைக்கும்.