தூசியை அளக்கவும் முத்திரை மரக்கால் வேண்டும்

நெய்வேலியின் கணக்குகள் நாட்டுக்குத் தெரியும். இத்தனை டன் பழுப்பு நிலக்கரி வெட்டினோம், இத்தனை யூனிட் மின்சாரம் கொடுத்தோம், இத்தனை கோடி லாபம் கண்டோம் என்று ஆண்டுதோறும் அச்சிட்டுத் தருகிறார்கள். நாம் கேட்கும் கணக்கு வேறு. அந்தக் கரியை வெட்டும் மனிதனின் நெஞ்சுக்குள் ஒரு ஷிப்டில் எவ்வளவு தூசி போகிறது? அதை அளப்பவர் யார்? அளந்ததை எழுதி வைக்கும் புத்தகம் யார் கையில் இருக்கிறது?

இது சுரங்கத் தொழிலாளியின் பிரச்னை, நமக்கென்ன என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். பஞ்சுத் தூசியைச் சுவாசித்து இருமும் நூல் மில் தொழிலாளிக்கு இது அறிந்த துன்பம். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் வட்டாரத்து விவசாயத் தொழிலாளிக்கோ அளவைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மிராசுதாரின் மரக்காலுக்கும் முத்திரை மரக்காலுக்கும் உள்ள வித்தியாசத்தை வயிற்றால் அறிந்தவர் அவர். கூலி கொடுப்பவனே மரக்காலைச் செய்து, அவனே அளந்து, அவனே கணக்கும் எழுதினால் களத்தில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் காவிரிக் கரையின் விவசாயத் தொழிலாளர்கள் முத்திரை போட்ட மரக்காலுக்காகப் போராடினார்கள். சுரங்கத்தில் தூசிக்கும் அதே நியாயம்தான் வேண்டும் என்கிறோம்.

கண்ணில் விழுகிற புழுதியைப் பற்றி நாம் அதிகம் கவலைப்படவில்லை. அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். கொல்லுவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே தழும்பு விழும். தழும்பு விழுந்த நுரையீரல் சுருங்கி விரிய மறுக்கும். பத்தாண்டு, இருபதாண்டு கழித்துத்தான் மூச்சிரைப்பு தெரியும். தெரிந்தபின் அந்தத் தழும்பைப் போக்க மருந்து கிடையாது. ஆகவே இந்த நோய்க்கு முன்கூட்டியே தூசியை அளந்து அடக்குவது ஒன்றுதான் வைத்தியம்.

‘நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம், காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும்’ என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். பூமிக்கடியில் உள்ள சுரங்கத்தைவிட இங்கே தூசி குறைவு என்பது மெய்யே. ஆனால் நெய்வேலியின் மண் எப்படிப்பட்டது? கரிக்கு மேலே கிடப்பது கடலூர் மணற்கல். ஒரு டன் கரியை எடுக்க ஐந்து ஆறு கன மீட்டர் மேல்மண்ணை வெட்டி அகற்ற வேண்டும். வாளிச் சக்கர இயந்திரத்தின் பற்களையே தேய்த்துவிடும் மண் அது. அதைத் துளைக்கும்போதும், வெடிக்கும்போதும், பெல்ட்டில் ஏற்றிக் கொட்டும்போதும் எழும் தூசியில் மணற்சத்தான சிலிக்கா கலந்திருக்கிறது. கரித் தூசியைவிடக் கொடியது அது.

அமெரிக்காவில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 2,328 பேரை 2010-11ல் அந்நாட்டு அரசின் ஆய்வு நிறுவனம் பரிசோதித்தது. 46 பேரின் நுரையீரலில் கரிநோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பூமிக்கடியில் ஒருநாள்கூட வேலை செய்தவர்கள் அல்ல. மேல்பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசியின் மேல் டாக்டர்களின் சந்தேகம் விழுந்தது. திறந்த வானம் மட்டும் நெஞ்சைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அளப்பது எப்படி என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. காற்றை உறிஞ்சும் சிறு பம்பு தொழிலாளியின் இடுப்புப் பட்டையில் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் சட்டைக் கழுத்துக்குப் போகும். அங்கே ஒரு வடிகட்டித் தாள். ஷிப்டு முடிந்ததும் தாளை நிறுத்துப் பார்த்தால் அவர் சுவாசித்த காற்றில் எவ்வளவு தூசி இருந்தது என்று தெரிந்துவிடும்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஊமையாக இருக்கவில்லை. 1957 நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகளில் சேர்க்கப்பட்ட கணக்கு இது: தூசியில் சிலிக்கா நூற்றுக்கு 5 பங்குக்குக் குறைவானால், ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராம் எல்லை. அதற்கு மேற்பட்டால் 15ஐ அந்தச் சதவீதத்தால் வகுக்க வேண்டும். சிலிக்கா 10 சதவீதமானால் எல்லை ஒன்றரை மில்லிகிராம். 30 சதவீதமானால் அரை மில்லிகிராம். 2017ல் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. மணல் கூடக்கூட எல்லை சுருங்க வேண்டும் என்ற நியாயம் மாறவில்லை. ஆகவே சிலிக்கா எத்தனை பங்கு என்று பார்க்காமல் தூசியை மட்டும் நிறுத்துவது பாதி அளவுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். எல்லையில் பாதியைத் தாண்டினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முக்கால் பங்கைத் தாண்டினால் மாதம் ஒருமுறை என்றும் விதித்தார்கள். அதிகத் தூசி படும் தொழிலாளிக்கு ஒரு மீட்டருக்குள் கருவி இருக்க வேண்டும், அவர் முதுகுக்குப் பின்னால் வைக்கக் கூடாது என்றுகூட எழுதி வைத்தார்கள். நல்ல விதிதான். ஆனால் அளக்கும் பொறுப்பு யாரிடம்? சுரங்க நிர்வாகத்திடம். புத்தகத்தில் கையெழுத்து யாருடையது? மேனேஜருடையது. தன்பாத்தில் தலைமையிடம் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் எப்போதாவது வந்து பார்க்கும். தூசியைச் சுவாசிப்பவருக்கு இந்த ஏற்பாட்டில் இடம் எங்கே?

மழை பெய்த மறுநாள் அளந்தால் தூசி குறைவு. தண்ணீர் லாரி ஓடி முடித்தவுடன் அளந்தால் குறைவு. பெல்ட் நின்ற நேரம் பார்த்து அளந்தால் இன்னும் குறைவு. நெய்வேலியில் இப்படி நடக்கிறது என்று நாம் குற்றம் சாட்டவில்லை. எங்கேயும் இப்படி நடக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறோம்.

நடக்கக் கூடியதுதான் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் சாட்சி. 1969ல் மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40,000 சுரங்கத் தொழிலாளர்கள் கரிநோய்க்கு நஷ்டஈடு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டே தூசிக்கு எல்லை வகுக்கும் சட்டம் அந்நாட்டில் பிறந்தது. மாதிரி எடுக்கும் வேலையோ கம்பெனிகளிடமே விடப்பட்டது. விளைவு என்ன? 1991ல் பீபாடி என்ற பெரிய நிலக்கரிக் கம்பெனி, தூசி மாதிரிகளில் மோசடி செய்ததைக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2010ல் அதே மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சுரங்க வெடிப்பில் 29 பேர் மாண்டார்கள். அவர்களில் 24 பேரின் நுரையீரலைச் சோதிக்க முடிந்தது. 17 பேருக்குக் கரிநோய் இருந்தது. எல்லை ஏட்டில் இருந்தது. தூசி நெஞ்சில் இருந்தது!

நெய்வேலியில் இன்னொரு கொடுமையும் உண்டு. பெல்ட்டின் அடியில் சிந்துவதை மண்வெட்டியால் வாரிப் போடுபவர் யார்? பங்கரைச் சுத்தம் செய்பவர் யார்? பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் நம் கிராமங்களிலிருந்து போனவர். சுரங்கத்துக்கு நிலம் போனதால் ஏர் பிடிக்க வழியில்லாமல் போனவர்களும் அவர்களில் உண்டு. நிரந்தரம் கேட்டு 2010லும் 2014லும் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயோடு பரிசோதனை என்று 1955 சுரங்க விதிகள் வகுத்தன. ஆனால் காண்டிராக்டர் மாறி, வேலை மாறி, ஒருநாள் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவரின் எக்ஸ்ரேயை யார் பாதுகாத்து வைப்பார்? பத்தாண்டு கழித்து மூச்சு வாங்கும்போது, தம் மூச்சை வாங்கியது எந்தத் தூசி என்று அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? காசநோய் மாத்திரையோடு அவர் கதை முடிந்துபோகலாம். நஷ்டஈடு கேட்கவும் ஆள் இருக்காது.

இந்த நேரத்தில் சட்டங்களையே மாற்றியிருக்கிறார்கள். 13 சட்டங்களை ஒன்றாக்கிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்தது. 1952 சுரங்கச் சட்டம் அதற்குள் கரைந்துவிட்டது. சட்டத்தின் பெயர் எதுவானாலும், அதன் கீழ் எழுதப்படும் விதிகளில் தொழிலாளியின் கண்ணுக்கும் கைக்கும் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே நாம் கேட்பது இவை: தூசி அளக்கும்போது தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி உடனிருக்க வேண்டும். எந்த ஷிப்டில், எந்த இடத்தில் அளப்பது என்பதில் அவருக்கும் குரல் வேண்டும். வடிகட்டித் தாளை அவர் முன்னிலையில் முத்திரையிட வேண்டும். மேல்மண் பகுதியில் சிலிக்காவின் பங்கைத் தனியே சோதிக்க வேண்டும். முடிவைச் சுரங்க வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்குச் செய்யும் அளவும் எக்ஸ்ரேயும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வேண்டும். அந்தக் குறிப்பேடு அவர் கையிலேயே இருக்க வேண்டும். வேலையை விட்ட பின்னும் பரிசோதனை தொடர வேண்டும். சிதம்பரம், கடலூர் அரசு மருத்துவமனைகளில் இருமலோடு வருபவரிடம் ‘என்ன வேலை செய்தாய், எத்தனை வருஷம்?’ என்று கேட்டு எழுத வேண்டும்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு பம்பு, ஒரு தாள், ஒரு தராசு, ஒரு நேர்மையான புத்தகம் போதும். முகமூடி கொடுத்துவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம். தூசி எழும் இடத்திலேயே தண்ணீர் தெளித்து அடக்குவதுதான் முதல் கடமை.

களத்தில் முத்திரை மரக்கால் தானாக வந்து சேரவில்லை. கூலிக்காரர்கள் ஒன்று சேர்ந்து கேட்டார்கள், வந்தது. சுரங்க வாசலிலும் ஒப்பந்தமும் நிரந்தரமும் ஒரே குரலில் கேட்கட்டும். மில்லும் வயலும் அவர்களோடு நிற்கட்டும். மூச்சு நம்முடையது. அதை அளக்கும் கணக்கும் நம் கண்முன் நடக்கட்டும்!