கணக்கும் கடமையும்

(கருத்துக் கட்டுரை)

நுழையும்முன்

பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், காத்தல், பகுத்துச் செலவிடுதல் ஆகிய நான்கையும் அரசின் கடமைகளாகத் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் வகுத்துரைக்கிறது. மக்களாட்சியில் இக்கடமை மக்கள் சார்பாளர்களுக்கும் உரியது. அதில் தவறுவோர்க்கு ஊதியம் வழங்கலாமா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மாணவர்களே! இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டம் 1860-ஆம் ஆண்டில் நாம் வாழும் இந்தக் கொல்கத்தா நகரில்தான் படிக்கப்பெற்றது. படித்தவர் ஜேம்ஸ் வில்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் அதே ஆண்டில் நோயுற்று இந்நகரிலேயே மறைந்தார். அன்று அக்கணக்கைக் கேட்ட அவையில் மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஒருவரும் இலர். வரி கொடுத்தவர் ஓரினம், செலவிட்டவர் வேறோரினம். இன்றோ மக்கள் சார்பாளர்கள் ஒப்புதல் தராமல் தொகுநிதியிலிருந்து ஒரு ரூபாயையும் அரசு எடுக்க இயலாது. விடுதலையின் பயன்களுள் இது தலையாயது.

சென்ற கல்வியாண்டில் இதனை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, வீட்டுப்பாடத்தைக் குறித்த நாளில் முடிக்காவிட்டால் எங்களுக்கு மதிப்பெண் குறைகிறது. நிதிநிலை அறிக்கையைக் குறித்த நாளில் நிறைவேற்றாத உறுப்பினர்களுக்கு மட்டும் ஊதியம் ஏன் குறைவதில்லை?" என்று வினவினாள். வகுப்பு முழுவதும் கைதட்டியது. எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. நானும் அரசு ஊதியம் பெறுபவனே. விடுப்புப் பெறாமல் பணிக்கு வராத நாளுக்கு எனக்கு ஊதியம் கிடையாது. அவள் வினா நேர்மையானது. ஆயினும் பல நாள் எண்ணிப் பார்த்தபின் நான் அடைந்த முடிவு கைதட்டலுக்கு உரியதன்று.

முதலில் அவள் பக்கத்து நியாயத்தைக் காண்போம். நம் நாட்டில் நிதியாண்டு மார்ச் 31-ஆம் நாள் முடிவடைகிறது. அதற்குள் நிதி ஒதுக்கச் சட்டமேனும் முன்பண மானியமேனும் நிறைவேறவில்லை எனில், மருத்துவமனைக்கு மருந்து வாங்கவும் ஆசிரியர்க்கு ஊதியம் தரவும் சட்டப்படி வழியில்லை. அவை முடங்குவதால் வரும் கேட்டை வங்காளம் நன்கு அறியும். 1967-ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று, புதிய அமைச்சரவை செல்லாது எனக் கூறி, அவைத்தலைவர் விஜய் குமார் பானர்ஜி மேற்கு வங்கச் சட்டமன்றத்தை ஒத்திவைத்தார். 1968 பிப்ரவரி 14 அன்று மீண்டும் ஒத்திவைத்தார். பிப்ரவரி 20 அன்று குடியரசுத்தலைவர் ஆட்சி வந்தது. வங்காளத்தின் வரவு செலவை முடிவு செய்யும் உரிமை கொல்கத்தாவை விட்டுத் தில்லிக்குச் சென்றது. யார் பக்கம் நியாயம் இருந்ததாயினும், இழந்தவர் மக்களே.

இத்தகைய கேட்டைத் தடுக்க அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில மக்கள் 2010-இல் வாக்களித்து ஒரு விதியை இயற்றினர். ஜூன் 15-ஆம் நாளுக்குள் நிதிநிலை அறிக்கையை நிறைவேற்றாவிடின், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உறுப்பினர்கள் ஊதியத்தை இழப்பர். அடுத்த ஆண்டே அவ்விதிக்குச் சோதனை வந்தது. உறுப்பினர்கள் கெடு நாளன்று ஓர் அறிக்கையை நிறைவேற்றிவிட்டனர். மறுநாளே ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதனை மறுத்தார். வரவும் செலவும் சமமாகவில்லை என்று கூறி, மாநிலக் கணக்கு அலுவலர் ஊதியத்தை நிறுத்தினார். அவ்வாறு தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் இல்லை என நீதிமன்றம் பின்னர் உரைத்தது. இதிலிருந்து நாம் அறிவது யாது? கெடு நாளைச் சட்டத்தால் காக்கலாம். கணக்கின் தரத்தை அவ்வாறு காத்தல் அரிது. பேருந்தில் அமர்ந்தபடி அவசரமாக எழுதி முடித்த வீட்டுப்பாடமும் குறித்த நாளில் வந்த வீட்டுப்பாடமே அன்றோ?

நம் நாட்டின் குறையும் பெரும்பாலும் இவ்வகையினதே. பெரும்பான்மை பெற்ற அரசு தன் நிதிநிலை அறிக்கையைக் காலத்தில் நிறைவேற்றிக்கொள்கிறது. ஆனால் எவ்வாறு நிறைவேற்றுகிறது? 2018 மார்ச் 14 அன்று மக்களவையில் அமளிக்கிடையே எல்லா மானியக் கோரிக்கைகளும் நிதிச் சட்டமுன்வடிவும் விவாதம் இன்றியே நிறைவேறின. 2023 மார்ச்சிலும் அவ்வாறே நிகழ்ந்தது. கெடு நாளை மட்டும் நோக்கின், இவ்விரு முறையும் உறுப்பினர்கள் முழு ஊதியத்திற்கும் உரியவர்களே!

2018-இன் நிதிச் சட்டத்தில் இன்னொரு செய்தியும் அடங்கியிருந்தது. நாடாளுமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் 50,000 ரூபாயிலிருந்து 1,00,000 ரூபாயாக உயர்ந்ததும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கேற்ப அது உயர வழிவகுத்ததும் அச்சட்டமே. அதன்படி 2025-இல் அவ்வூதியம் 1,24,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. நாட்டின் கணக்கை விவாதிக்க நேரம் கிடைக்காத அவையில், தம் ஊதிய உயர்வும் விவாதமின்றியே நிறைவேறியது. அவ்வாண்டு ஏப்ரலில், அவை முடங்கிய 23 நாள்களுக்கான ஊதியத்தையும் படிகளையும் ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் துறப்பர் என்று அமைச்சர் அனந்த குமார் அறிவித்தார். தாம் நாள்தோறும் அவைக்கு வந்ததாகக் கூறி, சுப்பிரமணியன் சுவாமி அதனை ஏற்கவில்லை. வந்தவருக்கும் வராதவருக்கும், பேச முயன்றவருக்கும் தடுத்தவருக்கும் ஒரே தண்டனையா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

ஊதிய நிறுத்தத்தை நான் ஏற்காமைக்கு வேறொரு காரணமும் உண்டு. பிரிட்டனில் 1911 வரை நாடாளுமன்ற உறுப்பினர்க்கு ஊதியம் இல்லை. ஆதலால் செல்வரே பெரிதும் அவையில் அமர்ந்தனர். தொழிலாளியும் அவையேற வேண்டும் என்பதற்காகவே ஆண்டுக்கு 400 பவுன் ஊதியம் அங்கு வழங்கப்பெற்றது. ஊதியத்தை நிறுத்தினால் செல்வரான உறுப்பினர் அதனைப் பொருட்படுத்தார். ஊதியத்தை நம்பி வாழும் எளியவரே வருந்துவார். தம் மனச்சான்றின்படி ஒரு கணக்கை எதிர்க்க விரும்புபவர், வீட்டு வாடகையை எண்ணிக் கை தூக்க நேரும். மக்கள் சார்பாளரை அந்நிலையில் நிறுத்துதல் மக்களுக்கே இழப்பாகும்.

அவ்வாறாயின் கடமை தவறுவோரைக் கேட்பார் இல்லையா? உண்டு, வழியும் உண்டு. உறுப்பினர் பதிவேட்டில் கையொப்பமிட்டால்தான் நாட்படி பெறுகிறார். கையொப்பத்தோடு, அவை குறைந்த அளவு நேரமேனும் நடைபெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதியைச் சேர்க்கலாம். வாழ்க்கைக்கான மாத ஊதியம் அப்போதும் நிலைத்திருக்கும்; பணிக்கான படி மட்டுமே பணியைப் பொறுத்ததாகும். மானியக் கோரிக்கைகளுக்கு இத்தனை மணி நேரம் விவாதம் என வரையறுத்து, அதற்கு முன்னர் வாக்கெடுப்பு இல்லை என்று விதிக்கலாம். அந்நேரத்தில் எதிர்க்கட்சிக்கு உரிய பங்கை உறுதி செய்யலாம். உறுப்பினரின் ஊதியத்தை உறுப்பினர் அல்லாத தனிக்குழு ஒன்று முடிவு செய்யலாம்.

மாணவர்களே! வினா எழுப்பிய அம்மாணவிக்கு நான் இறுதியில் கூறிய விடை இதுவே: "உன் வீட்டுப்பாடம் எந்நாளில் வந்தது என்பதை மட்டுமன்று, நீ அதனை எண்ணி எழுதினாயா என்பதையும் நான் பார்க்கிறேன். நாளை நீ வாக்களிக்கும்போது உன் உறுப்பினரையும் அவ்வாறே பார்." ஊதியத்தை நிறுத்தும் அதிகாரம் நம் கையில் இல்லை. பதவியை நிறுத்தும் அதிகாரம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நம் விரல் நுனிக்கு வருகிறது.

சிந்தித்து எழுதுக

1. ஊதிய நிறுத்தம் கூடாது என்பதற்கு ஆசிரியர் காட்டும் காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. "கெடு நாளைச் சட்டத்தால் காக்கலாம்; கணக்கின் தரத்தை அவ்வாறு காத்தல் அரிது" – விளக்குக.
3. ஆசிரியரின் முடிவை நீவிர் ஏற்கவில்லை எனில், மறுத்து ஒரு பத்தி எழுதுக.