சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

என் சிநேகிதி ஒருத்தி மூன்று வருஷமாக லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஏறுவதே இல்லை.

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிப்பவள். ஜெனரல் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைப்பையைப் போட்டு வைப்பாள். "ஏம்மா, பைக்கும் டிக்கெட் எடுத்திருக்கியா?" என்று தினம் யாராவது ஒருத்தர் கத்துவார். காது கேட்காத மாதிரி இருந்துவிடுவாள். குரோம்பேட்டையில் ஒருவர் ஏறுவார். பை எழுந்து மடிக்குப் போய்விடும். எழும்பூர் வரைக்கும் பேச்சு. இவ்வளவுதான் கதை.

அவளுக்கு 38. தம்பியைப் படிக்கவைத்து, அம்மாவுக்கு டயாலிசிஸ் பார்த்து, வயசைத் தொலைத்தவள். அவருக்கு 41. தங்கைகள் கல்யாணத்தில் தன் கல்யாணத்தை மறந்துபோன ரகம். இவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினம் சாயங்காலம் போன் பண்ணி விசாரித்தவர் அவர் ஒருத்தர்தான். அவருக்கு ஜூன் மாதம் கோயம்புத்தூருக்கு ட்ரான்ஸ்ஃபர்.

"சொல்லிடேன்டி."

"நானா? நானே போய் எப்படிக் கேட்கிறது? என்ன நினைப்பார்?"

இந்த 'நானே போய்' இருக்கிறதே, அதோடுதான் இந்த வாரம் எனக்குச் சண்டை.

நான் பி.காம். அக்கவுண்டன்சியில் ஒரு பாடம் உண்டு. வரப்போகிற நஷ்டத்தை முன்கூட்டியே கணக்கில் எழுது. வரப்போகிற லாபத்தைக் கைக்கு வரும்வரை எழுதாதே. கடைக்காரருக்கு நல்ல புத்திமதி. நம் வீடுகளில் பெண்பிள்ளைகளை வளர்ப்பதும் இந்தச் சூத்திரத்தில்தான். ஊர் என்ன சொல்லும், அவன் சிரித்தால் என்ன ஆகும், தம்பி மாமனார் வீட்டுக்குத் தெரிந்தால்... நஷ்டமெல்லாம் வரிசையாக எழுதியாச்சு. அவரும் இதே வார்த்தைக்காகக் காத்திருந்தால்? அந்தப் பத்தியே நோட்டில் கிடையாது.

வள்ளுவரோடுகூட எனக்கு இதில் ஒரு வழக்கு உண்டு. அந்தக் காலத்தில் காதலித்தவன் பனைமட்டையில் குதிரை செய்து, அதில் ஏறி, அவள் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவில் வருவான். மடலேறுதல் என்று பெயர். 'இவள் கிடைக்காவிட்டால் செத்துப்போவேன்' என்று பப்ளிக்காக மிரட்டுவது. ஆண் செய்தால் அது இலக்கியம். பெண்? கடல் அளவு ஆசை இருந்தாலும் மடலேறாமல் தாங்கிக்கொள்கிறாளே, அவளைப்போல உயர்ந்த பிறவி உண்டா என்று 1137-வது குறளில் சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறார் பெரியவர். பாராட்டியே வாயை அடைப்பது இதுதான். திட்டினால்கூட எதிர்த்துப் பேசலாம். 'நீ எவ்வளவு பொறுமைசாலி' என்று சொல்லிவிட்டால் அப்புறம் எங்கே வாயைத் திறக்க?

இந்த விதியைத் தமிழில் ஒருவர் பகிரங்கமாக உடைத்தார். திருமங்கையாழ்வார். பெரிய திருமடலில் பெண் குரலில் பேசுகிறார்: பெண் மடலேறக்கூடாது என்பது தெற்கத்தி வழக்கமாம், எனக்கு அது வேண்டாம், வடக்கத்தி வழக்கத்தையே வைத்துக்கொள்கிறேன் என்கிறார். ஆண்டாளும் வாய்விட்டுக் கேட்டவள்தான். ஆனால் பாருங்கள், பெருமாளிடம் கேட்டால் பக்தி, பெரம்பூர்க்காரரிடம் கேட்டால் அலைச்சலா?

சினிமா இன்னும் மோசம். 1999-ல் வந்த 'படையப்பா'வை எத்தனை தடவை பார்த்தோம்! ஆசைப்பட்டதை வாய்விட்டுச் சொன்ன நீலாம்பரிக்கு 18 வருஷம் இருட்டு அறை. குனிந்த தலை நிமிராமல் நின்ற வசுந்தராவுக்கு ஹீரோ. நீலாம்பரி செய்த மற்ற அக்கிரமங்களுக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்த பன்னிரண்டு வயசுப் பெண்ணின் மண்டையில் எது ஏறியிருக்கும், சொல்லுங்கள்.

'நேரா எதுக்குக் கேட்கணும், ஜாடையா உணர்த்தினால் போதாதா?' என்று புத்திசாலித் தோழிகள் சொல்வார்கள். மூன்று வருஷமாகக் கைப்பை உணர்த்திக்கொண்டுதானே இருக்கிறது! தங்கைகளுக்கு நகை சேர்த்தே பழகின மனுஷருக்குக் கைப்பை பாஷை எப்படிப் புரியும்? 'சீட் போட்டு வைக்கிற நல்ல பொண்ணு' என்றுதான் புரியும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எல்லாப் பெண்ணிடமும் 'போய்ச் சொல்லிடு' என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்த ஜோடியை 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டியதை டி.வி.யில் பார்த்தவர்கள் நாம். உயிர் பயத்தில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் அவளுக்குப் புத்தி சொல்ல நான் யார்? அங்கே மாறவேண்டியது அவள் இல்லை. ஆனால் என் சிநேகிதிக்கு அந்தப் பயம் இல்லை. சொந்தச் சம்பளம், சொந்த வீடு, தடுக்க ஆள் கிடையாது. இருப்பது கூச்சம் மட்டும். அதுவும் அவளுடையது இல்லை, மற்றவர்கள் கொடுத்தது.

எப்படிக் கேட்பது? ரொம்ப யோசிக்க வேண்டாம். ட்ரெயினில் வேண்டாம், பாதியில் எழுந்து போக முடியாது, பாவம். எழும்பூரில் இறங்கி, ஒரு காபி குடிக்கலாமா என்று கூப்பிடு. 'எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னால சொல்லணும்னு தோணுச்சு.' அவ்வளவுதான். கவிதை வேண்டாம், கைக்கடிகாரம் வாங்கித் தர வேண்டாம். இல்லை என்றால் 'பரவாயில்லை' என்று காபியைக் குடித்துவிட்டு வா. இரண்டாம் தடவை கேட்காதே. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் துரத்தும் ஆணுக்கு 2013-லேயே சட்டத்தில் தண்டனை எழுதியாகிவிட்டது. சட்டம் ஆணைத்தான் சொல்கிறது. மரியாதை நமக்கும் உண்டு.

படிக்கிற ஆண்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண் உங்களிடம் வந்து இப்படிச் சொன்னால், பிடித்தால் சரி என்று சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆபீஸ் கேன்டீனில் அதைச் சொல்லிச் சிரிக்காதீர்கள், அவள் மெசேஜை நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். பாதிப் பெண்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது உங்கள் பதிலுக்குப் பயந்து இல்லை, உங்கள் கேன்டீனுக்குப் பயந்து.

திரும்ப அக்கவுண்டன்சி. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், இடிக்கிற தொகையைத் தற்காலிகமாக ஒரு தலைப்பில் போட்டு வைப்போம். சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தப்பு எங்கே என்று கண்டுபிடித்து, வருஷக் கடைசிக்குள் தீர்த்துவிட வேண்டும். மூன்று வருஷமாக ஒரே தொகை அங்கேயே கிடந்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இதை அவளிடமே சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "இதையெல்லாம் எழுதப்போறியா?" என்றாள். எழுதத்தான் போகிறேன் என்றேன்.

"எழுது. ஸ்டேஷன் பேரை மட்டும் மாத்திடு. அவர் இந்தப் பத்திரிகை வாங்குவார்."

மாற்றிவிட்டேன். கைப்பையை மட்டும் மாற்றவில்லை.